எக்ஸ் கதிரைப் பச்சை ஒளியாக்கும் படிகம்: கலப்பின மாங்கனீஸ் ஹாலைடு தயாரிப்பு முதல் படம் எடுப்பது வரை

மருத்துவமனையில் எடுக்கும் டிஜிட்டல் எக்ஸ்ரேயில் சென்சார் பெரும்பாலும் எக்ஸ் கதிரை நேராகப் பார்ப்பதில்லை. நடுவில் ஒரு மெல்லிய திரை இருக்கும். அது எக்ஸ் கதிரை விழுங்கிக் கண்ணுக்குத் தெரியும் ஒளியாக உமிழும். அந்த ஒளியைத்தான் சென்சார் படமாக்குகிறது. இந்தத் திரைப் பொருளின் பெயர் சிண்டிலேட்டர். 1895இல் ரான்ட்ஜென் எக்ஸ் கதிரைக் கண்டுபிடித்ததே, பேரியம் பிளாட்டினோசயனைடு பூசிய திரை ஒன்று இருட்டில் ஒளிர்ந்ததால்தான். அடுத்த ஆண்டே கால்சியம் டங்ஸ்டேட் திரை வந்தது. பின்னாளில் கடோலினியம் ஆக்சிசல்பைடும், தாலியம் கலந்த சீசியம் அயோடைடும் இடம்பிடித்தன.

சீசியம் அயோடைடு அருமையான பொருள், அதில் சந்தேகமே இல்லை. ஆனால் அதைப் படிகமாக வளர்க்க 600 டிகிரி செல்சியஸுக்கு மேல் உருக்க வேண்டும். திரையாகப் படிய வைக்க வெற்றிடக் கருவி வேண்டும். கலக்கும் தாலியம் கடும் நஞ்சு. ஒரு கல்லூரி வேதியியல் துறை இவ்வளவையும் வைத்துக்கொள்ள முடியாது. கலப்பின உலோக ஹாலைடுகள் இங்கேதான் உதவுகின்றன. இவற்றில் ஒரு கரிம நேர்மின் அயனியும் ஓர் உலோக ஹாலைடு எதிர்மின் அயனியும் சேர்ந்து, அறை வெப்பநிலையில், சாதாரணக் கண்ணாடிக் குப்பியிலேயே படிகமாகின்றன.

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு பொருளை எடுத்துக்கொண்டு கடைசி வரை போகிறேன்: டெட்ராஃபீனைல்பாஸ்போனியம் மாங்கனீஸ் புரோமைடு. ஈயம் கிடையாது, மூலப்பொருள் இரண்டே இரண்டு, வினை ஒரே நாளில் முடிந்துவிடும். அந்த எளிமையை நம்பி அவசரப்படுகிறவர்கள் அதிகம் என்பதால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். படம் நன்றாக வருவதும் வராததும் வினையில் தீர்மானமாவதில்லை. ஈரத்தை எப்படிக் கையாண்டீர்கள், பொடியை எப்படித் திரையாக்கினீர்கள், ஒளியை எவ்வளவு நேர்மையாக அளந்தீர்கள் என்பவைதான் தீர்மானிக்கின்றன.

ஏன் இந்தப் பொருள்?

ஒவ்வொரு மாங்கனீஸ் அயனியையும் நான்கு புரோமைடு அயனிகள் நான்முகி வடிவில் சூழ்ந்திருக்கும். டெட்ராஃபீனைல்பாஸ்போனியம் (இனிமேல் டிபிபி) நான்கு பென்சீன் வளையங்கள் கொண்ட பெரிய அயனி. அது இந்த நான்முகிகளை ஒன்றிலிருந்து ஒன்று சுமார் 1 நானோமீட்டர் தள்ளி வைத்துவிடுகிறது. மாங்கனீஸ் அயனிகள் நெருங்கி இருந்தால் ஒன்று வாங்கிய ஆற்றல் அடுத்ததற்குத் தாவி, ஏதாவது ஒரு குறைபாட்டில் போய் வெப்பமாக வீணாகிவிடும். தள்ளி இருப்பதால் வாங்கிய இடத்திலேயே ஒளியாக வெளிவருகிறது. அதனால்தான் நல்ல படிகத்தில் ஒளிர்வுத் திறன் 90 சதவீதத்தைத் தாண்டுகிறது. உமிழும் நிறம் 516 முதல் 520 நானோமீட்டர் வரையிலான பளிச்சென்ற பச்சை. சிலிக்கான் கேமராக்கள் இந்த நிறத்தை நன்றாகவே பிடிக்கும்.

இன்னொரு வசதி, தன் ஒளியைத் தானே விழுங்காத குணம். இந்தப் பொருள் ஒளியை உறிஞ்சுவது முக்கியமாக 360 நானோமீட்டரை ஒட்டியும் 450 நானோமீட்டரை ஒட்டியும். 520 நானோமீட்டரில் வெளிவரும் பச்சையை அது கிட்டத்தட்ட தொடுவதே இல்லை. எனவே திரையின் உள்ளே பிறந்த ஒளி வெளியே வரும்வரை உயிரோடு இருக்கும்.

இந்தக் குடும்பம் எக்ஸ்ரே துறையின் கவனத்தைப் பெற்றது 2020இல். புளோரிடா ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் பிவு மாவின் குழு இதற்கு நெருங்கிய உறவான எத்திலீன் பிஸ்-டிரைஃபீனைல்பாஸ்போனியம் மாங்கனீஸ் புரோமைடை எடுத்து, விழுங்கிய எக்ஸ் கதிர் ஆற்றலில் ஒரு மெகா எலக்ட்ரான் வோல்ட்டுக்குச் சுமார் 80,000 ஒளித்துகள் தருவதாக அறிவித்தது. தாலியம் கலந்த சீசியம் அயோடைடின் அளவு ஐம்பதாயிரத்திலிருந்து அறுபத்தைந்தாயிரம் வரை.

குறைகளையும் சேர்த்தே சொல்ல வேண்டும். மாங்கனீஸின் இந்த ஒளிர்வு குவாண்டம் விதிப்படி தடைசெய்யப்பட்ட மாற்றம். அதனால் மெதுவாக, சில நூறு மைக்ரோ விநாடிகள் எடுத்து அணைகிறது. நின்ற நிலையில் எடுக்கும் படத்துக்கு அது தொந்தரவே இல்லை. வேகமாகச் சுழலும் சிடி ஸ்கேனுக்கு ஒத்துவராது. இரண்டாவது குறை, எடை. மொத்த நிறையில் புரோமின் பங்கு 30 சதவீதம்தான், மாங்கனீஸ் 5 சதவீதம். மீதி எல்லாம் எக்ஸ் கதிரை அவ்வளவாகத் தடுக்காத கார்பன், ஹைட்ரஜன், பாஸ்பரஸ். குறைந்த ஆற்றல் எக்ஸ் கதிருக்கு இது பொருத்தமான பொருள். நெஞ்சுக்கூட்டைப் படமெடுக்கும் உயர் ஆற்றலுக்குப் போனால் திரையைத் தடிமனாக்க வேண்டும், தடிமனானால் படம் மங்கும்.

தொடங்கும் முன்

வேண்டிய மூலப்பொருள்கள்: டிபிபி புரோமைடு, நீரற்ற மாங்கனீஸ் புரோமைடு. கரைப்பான்கள்: உலர்ந்த எத்தனால், டைகுளோரோமீத்தேன், டைஎத்தில் ஈதர். கருவிகள்: நான்கு தசம இடம் காட்டும் தராசு, சூடாக்கிக் கலக்கும் காந்தக் கலக்கி, வெற்றிட அடுப்பு, அகேட் உரல், 365 நானோமீட்டர் புறஊதா டார்ச். கள்ளநோட்டு பார்க்க விற்கும் மலிவான டார்ச்சுகளில் பல 395 நானோமீட்டரில் ஒளிர்பவை. அவற்றின் ஊதா வெளிச்சம் கண்ணைக் குழப்பும், வாங்கும்போது பார்த்து வாங்குங்கள்.

புகைக்கூண்டு இல்லாமல் இந்த வேலை வேண்டாம். டைகுளோரோமீத்தேன் சாதாரண நைட்ரைல் கையுறையைச் சில நிமிடங்களில் ஊடுருவிவிடும். மேலே பட்டால் உடனே கழற்றி மாற்றுங்கள். ஈதர் எளிதில் தீப்பிடிக்கும். பழைய பாட்டிலில் வெடிக்கும் பெராக்சைடு சேர்ந்திருக்கும், திறந்த தேதியைப் பாட்டில் மேலேயே எழுதி வையுங்கள். மாங்கனீஸ் பொடியைத் தொடர்ந்து சுவாசித்தால் நரம்பு மண்டலம் பாதிக்கும். அரைக்கும்போது முகக்கவசம் கட்டாயம்.

எக்ஸ்ரே பகுதிக்கு இன்னும் கடுமையான நிபந்தனை உண்டு. இந்தியாவில் எக்ஸ்ரே கருவி வைத்து இயக்க அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் அனுமதி வேண்டும். அதன் இ-லோரா இணையதளம் வழியாக விண்ணப்பிக்கலாம். ஏற்கெனவே அனுமதி பெற்ற, கதவைத் திறந்தால் தானே அணையும் பெட்டி வகைக் கருவி உள்ள துறையோடு சேர்ந்து வேலை செய்வதுதான் என் அழுத்தமான பரிந்துரை. இணையத்தில் பழைய எக்ஸ்ரே குழாய் வாங்கி வீட்டிலோ திறந்த மேசையிலோ இயக்கிப் பார்ப்பதை யாருமே செய்யக்கூடாது.

படி 1: எடை போடுவதற்கு முன் உலர்த்துங்கள்

தவறுகளில் பாதி இங்கேதான் நடக்கிறது. மாங்கனீஸ் புரோமைடு காற்றில் உள்ள ஈரத்தை ஆவலாக இழுக்கும். சென்னை, தூத்துக்குடி போன்ற கடலோர ஊர்களில் ஆகஸ்டுக்கு அப்புறம் பாட்டிலைத் திறந்து வைத்து நிதானமாக எடை போட்டால், நீங்கள் எடை போடுவது பாதி தண்ணீர். கையுறைப் பெட்டி (ஈரமும் காற்றும் புகாத மூடிய பெட்டி) இருந்தால் அதற்குள்ளேயே செய்யுங்கள். இல்லையென்றால் வெற்றிட அடுப்பில் உலர்த்தி, டெசிக்கேட்டரில் (ஈரம் உறிஞ்சும் பொருள் வைத்த மூடிய பாத்திரம்) ஆறவைத்து, மூடிய குப்பியோடு வேகமாக எடை போடுங்கள்.

அப்புறம் பாட்டில் லேபிளை ஒருமுறைக்கு இருமுறை படியுங்கள். நீரற்ற மாங்கனீஸ் புரோமைடின் மூலக்கூறு நிறை 214.8, நான்கு நீர் மூலக்கூறு சேர்ந்த இளஞ்சிவப்பு உப்பின் நிறை 286.8. நீருள்ளதை நீரற்றது என்று நினைத்து எடுத்தால் மாங்கனீஸ் கால் பங்கு குறைந்துவிடும். அந்த அளவுக்கு டிபிபி புரோமைடு வினைபுரியாமல் வெள்ளைப் பொடியாகப் படிகத்தோடு கலந்து நிற்கும். அது பச்சையாக ஒளிராது, பிறந்த ஒளியையும் சிதறடிக்கும்.

ஒரு மில்லிமோல் அளவில் தொடங்கலாம்: டிபிபி புரோமைடு 838.6 மில்லிகிராம், நீரற்ற மாங்கனீஸ் புரோமைடு 214.8 மில்லிகிராம். விகிதம் 2:1. எல்லாம் வினைபுரிந்தால் 1.05 கிராம் கிடைக்க வேண்டும். முதல்முறை இதைவிடப் பெரிய அளவில் செய்யாதீர்கள்.

படி 2: வினை

மாங்கனீஸ் புரோமைடைச் சில மில்லிலிட்டர் எத்தனாலில் கரையுங்கள். டிபிபி புரோமைடைத் தனிக் குடுவையில், 60 டிகிரி செல்சியஸ் சூட்டில், கரையும் அளவுக்கு மட்டும் எத்தனால் விட்டுக் கரையுங்கள். இரண்டும் தெளிவாக இருக்க வேண்டும். கலங்கல் இருந்தால் 0.45 மைக்ரான் வடிகட்டி வழியே வடிகட்டுங்கள்.

இப்போது மாங்கனீஸ் கரைசலை டிபிபி கரைசலில் மெதுவாக ஊற்றிக் கலக்கிக்கொண்டே இருங்கள். இளம் மஞ்சள் பச்சை நிறம் தோன்றும். சூடு ஆற ஆறச் சிறு படிகங்கள் விழத் தொடங்கும். ஒரு மணி நேரம் கலக்கிய பிறகு அறை வெப்பநிலைக்கு ஆறவிட்டு, ஐஸில் சற்று நேரம் வைத்து, வடிகட்டி, குளிர்ந்த எத்தனாலால் கொஞ்சமாகவும் அப்புறம் ஈதராலும் கழுவுங்கள்.

கரைசலில் பழுப்பு நிறம் தட்டினால் மாங்கனீஸ் ஆக்சிஜனேற்றம் அடைகிறது என்று அர்த்தம். காரப் பொருள் ஏதாவது உள்ளே போயிருக்கும், அல்லது கரைப்பான் பழையதாக இருக்கும். ஓரிரு துளி ஹைட்ரோபுரோமிக் அமிலம் விட்டால் ஆரம்பக் கட்டத்தில் தடுக்கலாம். நன்றாகப் பழுத்துவிட்டால் காப்பாற்ற முயலாதீர்கள்; புதிதாகத் தொடங்குவதே மேல்.

டைமீத்தில்ஃபார்மமைடு, டைமீத்தில் சல்ஃபாக்சைடு இரண்டையும் இங்கே தவிர்க்கச் சொல்வேன். பெரோவ்ஸ்கைட் என்ற ஈய ஹாலைடுப் படிகங்களில் வேலை செய்தவர்கள் பழக்கத்தில் இவற்றைத்தான் முதலில் எடுப்பார்கள். ஆனால் இந்தக் கரைப்பான்களின் ஆக்சிஜன் நேராக மாங்கனீஸைப் பிடித்துக்கொண்டு, புரோமைடை விரட்டிவிட்டு, நான்கு அணு சூழ்ந்த நான்முகியை ஆறு அணு சூழ்ந்த எண்முகியாக்கிவிடும். நான்முகி போனால் பச்சையும் போய்விடும். தண்ணீரும் இதே வேலையைத்தான் செய்கிறது.

கரைப்பானே இல்லாத வழியும் உண்டு, மாணவர்களுக்குக் காட்ட இதைவிட நல்ல செய்முறை இல்லை. உலர்ந்த இரண்டு உப்பையும் அகேட் உரலில் போட்டு, இருட்டில், டார்ச் வெளிச்சத்தில் அரையுங்கள். முதல் சில சுற்றில் வெறும் வெளிறிய பொடிதான். அப்புறம் உலக்கை அழுந்தும் கோடுகளில் மட்டும் பச்சை தெரியும். ஓரிரு துளி எத்தனால் விட்டதும் அந்தக் கோடுகள் அகன்று, அரைமணி நேரத்தில் உரல் முழுக்க ஒரே சீராக ஒளிரும். ஒளிராத திட்டு எங்கே இருக்கிறதோ அங்கே வினை முடியவில்லை. அதைச் சுரண்டி நடுவில் தள்ளி மறுபடி அரைக்கலாம். திரைக்குப் பொடியே போதும் என்பவர்களுக்கு அடுத்த படி தேவையில்லை.

படி 3: படிகம் வளர்த்தல்

தெளிவான பெரிய படிகம் கிடைத்தால் அமைப்பைச் சரிபார்க்கலாம், ஒளிர்வை நம்பகமாக அளக்கலாம். இதற்கு ஆவிப் பரவல் முறை நல்லது. காய்ந்த பொடியைச் சிறிய குப்பியில் டைகுளோரோமீத்தேனில் கரைத்து, வடிகட்டி, மூடாமல் வையுங்கள். அதைப் பெரிய பாட்டிலுக்குள் இறக்கி, பெரிய பாட்டிலின் அடியில் ஈதர் ஊற்றி, வெளி மூடியை இறுக்கமாக மூடுங்கள். ஈதர் ஆவி மெல்ல உள்ளே கரையும். அதில் இந்த உப்பு கரையாது, எனவே படிகமாக ஒதுங்கும்.

வேகம்தான் இங்கே எல்லாம். கரைசல் மிக அடர்த்தியாக இருந்தால் ஒரே இரவில் ஊசி ஊசியாகக் கொட்டிவிடும். நீர்த்திருந்தால் நாள்கணக்கில் ஒன்றும் தெரியாது, பிறகு விரல்விட்டு எண்ணக்கூடிய சில படிகங்கள் மட்டும், ஆனால் முகம் முகமாகத் தெளிவாக வளரும். வேகத்தைக் குறைக்க உள்குப்பியின் வாயை அலுமினியத் தாளால் மூடி ஊசியால் ஒன்றிரண்டு துளை போட்டால் போதும். பாட்டிலை அதிராத இடத்தில் வையுங்கள். வெப்பநிலை ஏறி இறங்கும் ஜன்னலோரமும் ஏசி காற்று நேராகப் படும் மேசையும் வேண்டாம். ஆவலில் தினமும் தூக்கிப் பார்த்து ஆட்டாதீர்கள். டார்ச்சைப் பக்கவாட்டில் அடித்தாலே தெரிந்துவிடும்.

நல்ல படிகம் அறை வெளிச்சத்தில் இளம் மஞ்சள் பச்சையாக, விரிசல் இல்லாமல், மறுபக்கம் வைத்த எழுத்தைப் படிக்கும் அளவுக்குத் தெளிவாக இருக்கும். எடுத்ததும் ஈதரால் கழுவி, 60 டிகிரியில் வெற்றிடத்தில் ஓர் இரவு காயவையுங்கள். டைகுளோரோமீத்தேனில் வளர்ந்த படிகம் காய்ந்த பிறகு வெள்ளையாகப் பூத்தால், உள்ளே கரைப்பான் மாட்டியிருந்து வெளியேறியிருக்கிறது. அப்படியானால் எத்தனாலை மெதுவாக ஆவியாக்கும் முறைக்கு மாறிப் பாருங்கள்.

படி 4: கிடைத்தது அதுதானா?

பச்சையாக ஒளிர்கிறது என்பது மட்டும் சான்றாகாது. கொஞ்சம் நல்ல பொருளும் நிறைய வினைபுரியாத உப்பும் கலந்த பொடியும் பச்சையாகத்தான் ஒளிரும். பொடியில் எக்ஸ் கதிரைச் செலுத்தி, அது எந்தக் கோணங்களில் சிதறுகிறது என்று காட்டும் விளிம்பு வளைவு வரைபடம் எடுத்து, படிக அமைப்பிலிருந்து கணக்கிட்ட வரைபடத்தோடு ஒப்பிடுங்கள். டிபிபி புரோமைடின் உச்சிகள் எங்காவது தலைகாட்டுகின்றனவா என்பதுதான் முதலில் பார்க்க வேண்டியது.

அடுத்து ஒளிர்வு நிறமாலை. 520 நானோமீட்டர் அருகே ஒரே ஓர் உச்சி இருக்க வேண்டும். 600 நானோமீட்டருக்கு மேல் சிவப்பாக ஒரு மேடு எழுந்தால் எண்முகி மாங்கனீஸ் உள்ளே இருக்கிறது. ஈரம் பட்டிருக்கலாம் அல்லது விகிதம் தவறியிருக்கலாம். பச்சை ஒளி அணையும் நேரத்தை அளக்க முடிந்தால் அளந்துவிடுங்கள். ஒற்றை அடுக்குக்குறி வளைவாக, சில நூறு மைக்ரோ விநாடியில் அணைந்தால் நல்லது. அதோடு வேகமான இன்னொரு பகுதி சேர்ந்து வந்தால் ஆற்றல் எங்கேயோ கசிகிறது.

படி 5: பொடியைத் திரையாக்குதல்

இந்த ஒரு படிக்கு மற்ற எல்லாவற்றையும்விட அதிக நாள் ஒதுக்குங்கள் என்பேன்.

எளிய முறை, சிலிகான் ரப்பரில் கலப்பது. பொடியை நன்றாக அரைத்துச் சலித்து, துகள் அளவைச் சில மைக்ரானிலிருந்து 20 மைக்ரானுக்குள் கொண்டு வாருங்கள். இரண்டு பகுதியாக வரும் பாலிடைமீத்தில்சிலாக்சேன் ரப்பரை, தயாரிப்பாளர் சொல்லும் விகிதத்தில் (பெரும்பாலும் 10:1) கலந்து, பொடியைச் சேருங்கள். எடையில் சம அளவிலிருந்து தொடங்கலாம். வெற்றிட டெசிக்கேட்டரில் வைத்துக் குமிழி முழுக்கப் போகும்வரை காற்றை இழுங்கள். கண்ணாடித் தகட்டில் ஊற்றி, இரு ஓரத்திலும் ஒரே தடிமன் டேப் ஒட்டி, கத்தி விளிம்பால் ஒரே இழுப்பில் பரப்புங்கள். 80 டிகிரியில் ஓரிரு மணி நேரத்தில் இறுகிவிடும்.

இறுகாமல் பிசுபிசுவென்றே நின்றால் ரப்பரைக் குறை சொல்லாதீர்கள். அதை இறுக வைப்பது பிளாட்டினம் வினையூக்கி. பாஸ்பீன், அமீன், கந்தகச் சேர்மங்கள் துளி இருந்தாலும் அது செயலிழக்கும். டிபிபி புரோமைடில் டிரைஃபீனைல்பாஸ்பீன் கலப்படமாக ஒட்டிக்கொண்டு வருவதுண்டு. வினைக்கு முன் டிபிபி புரோமைடை ஒருமுறை மறுபடிகமாக்கி, ஈதரால் நன்றாகக் கழுவினால் தீரும்.

ரப்பர் திரையில் தவிர்க்க முடியாத சிக்கல் ஒன்று இருக்கிறது. ரப்பரின் ஒளிவிலகல் எண் சுமார் 1.41, படிகத்தினுடையது அதைவிட நன்றாகவே அதிகம். ஒவ்வொரு துகள் விளிம்பிலும் ஒளி திசைமாறும், திரை பால் போல வெண்மையாகத் தெரியும், படத்தில் கோடுகள் குழைந்துபோகும். பாலிஸ்டைரீனின் எண் சுமார் 1.59, அது படிகத்துக்கு நெருக்கம். அதை டொலுயீனில் கரைத்து, அதில் கிட்டத்தட்ட கரையாத நம் பொடியைச் சேர்த்துப் பரப்பினால் திரை கொஞ்சம் கண்ணாடித்தன்மை பெறும். வளைக்க முடியாது என்பதுதான் விலை. வளைந்த பரப்பைப் படமெடுக்க ரப்பர், தட்டையான நுண்ணிய பொருளுக்குப் பாலிஸ்டைரீன் என்று பிரித்துக்கொள்ளலாம்.

மூன்றாவது வழி, அழுத்திய வட்டு. அகச்சிவப்பு நிறமாலைக்குப் பொட்டாசியம் புரோமைடு வட்டு அழுத்தும் 13 மில்லிமீட்டர் அச்சு எல்லா வேதியியல் துறையிலும் இருக்கும். அதிலேயே இந்தப் பொடியை அழுத்தலாம். சும்மா அழுத்தினால் ஒளிபுகா வட்டுதான் வரும். மிதமான சூட்டோடு அழுத்தி, துகள்களுக்கு இடையில் உள்ள காற்றுவெளியை மூடிவிட்டால் தெளிவு கூடும்; சீன ஆய்வாளர்கள் இதே பொருளை ஒளிபுகும் பீங்கான் தகடாகவே செய்து காட்டியிருக்கிறார்கள்.

தடிமன் எவ்வளவு? அதை ஊகிக்க வேண்டாம். அமெரிக்கத் தரநிலை நிறுவனம் இலவசமாக வைத்திருக்கும் எக்ஸ்காம் தரவுத்தளத்தில் சேர்மத்தின் வாய்பாட்டைக் கொடுத்தால், ஒவ்வொரு ஆற்றலிலும் எவ்வளவு உறிஞ்சும் என்று தந்துவிடும். அந்த எண்ணோடு திரையில் உண்மையில் இருக்கும் பொடியின் அளவைப் பெருக்குங்கள். ரப்பரையும் சேர்த்து மொத்தத் தடிமனைப் பெருக்கிவிடுவது அடிக்கடி நடக்கும் பிழை. பிறகு கணக்கிட்டதற்கு மேலும் கீழும் இரண்டு தடிமனில் திரை செய்து, மூன்றையும் படமெடுத்து ஒப்பிடுங்கள்.

படி 6: ஒளியை அளத்தல்

ஒளி விளைச்சல் (விழுங்கிய ஆற்றலுக்கு எத்தனை ஒளித்துகள்) என்ற எண்ணைத்தான் எல்லோரும் முதலில் கேட்பார்கள். அதைத்தான் நான் கடைசியாக நம்புவேன். வழக்கமான முறை ஒப்பீடு: சீரியம் கலந்த லுட்டீசியம் அலுமினியம் கார்னெட் போல விளைச்சல் தெரிந்த ஒரு படிகத்தையும் நம் பொருளையும் ஒரே எக்ஸ் கதிரில் வைத்து, வந்த ஒளியின் விகிதத்தைப் பார்ப்பது. இரண்டும் ஒரே அளவு எக்ஸ் கதிரை உறிஞ்சினவா? ஒன்று மெருகேற்றிய படிகமாகவும் இன்னொன்று பொடியாகவும் இருக்கிறதா? நிறமாலைமானி இரு நிறத்தையும் ஒரே கண்ணால் பார்க்கிறதா? இந்த மூன்றையும் திருத்தாமல் கணக்கிட்ட விளைச்சல் நிஜத்தைவிட இரண்டு மடங்கு கூட வரலாம். உங்கள் எண்ணை எழுதும்போது ஒப்பீட்டுப் படிகம் எது, இரண்டின் தடிமன் என்ன, உறிஞ்சல் திருத்தம் எப்படிச் செய்தீர்கள் என்று கூடவே எழுதுங்கள். இல்லாவிட்டால் அந்த எண்ணால் யாருக்கும் பயனில்லை.

கண்டறியும் வரம்பை (திரை உணரும் மிகக் குறைந்த கதிர் அளவை) அளப்பது இதைவிடத் தெளிவான வேலை. அளவுத்திருத்தம் செய்த அயனி அறை என்ற கதிர் அளவியால் கதிர் அளவு வீதத்தை அளந்து, குழாயின் மின்னோட்டத்தைப் படிப்படியாகக் குறைத்து, ஒவ்வொரு படியிலும் ஒளியைக் குறியுங்கள். நேர்கோடு வரவேண்டும். சமிக்ஞை இரைச்சலைப் போல மூன்று மடங்காக இருக்கும் புள்ளிதான் வரம்பு. மருத்துவப் படத்துக்கு வழக்கமாக ஒப்பிடும் அளவு விநாடிக்கு 5.5 மைக்ரோகிரே (கிரே என்பது உறிஞ்சிய கதிர் அளவின் அலகு). புளோரிடா குழுவின் பொருள் விநாடிக்கு 72.8 நானோகிரே வரை இறங்கியது, அதாவது எழுபது மடங்குக்கும் மேல் குறைவு.

படி 7: படம் எடுத்தல்

ஒளி புகாத பெட்டிக்குள் வரிசை இப்படி: எக்ஸ்ரே குழாய், படமெடுக்கும் பொருள், அதை ஒட்டினாற்போல் திரை, திரைக்குப் பின்னால் 45 டிகிரியில் கண்ணாடி, பக்கவாட்டில் கேமரா. கேமராவை நேர்க்கோட்டில் வைத்தால் திரையைத் தாண்டி வரும் எக்ஸ் கதிர் சென்சாரில் பட்டு வெள்ளைப் புள்ளிகளாகத் தெரியும், நாளடைவில் சென்சாரும் கெடும். கண்ணாடி முன்பக்கம் பூச்சு உள்ளதாக இருக்க வேண்டும். வீட்டுக் கண்ணாடியில் பூச்சு பின்பக்கம் இருப்பதால் ஒவ்வொரு கோடும் இரண்டாகத் தெரியும்.

கேமராவில் தானியங்கி எதையும் விட்டுவைக்காதீர்கள்: கவனம், ஒளிநேரம், வெள்ளைச் சமநிலை எல்லாம் கையால் பூட்டப்பட வேண்டும். கோப்பு பதப்படுத்தாத மூல வடிவில் சேமிக்கப்பட வேண்டும். மூன்று படம் எடுங்கள். எக்ஸ் கதிர் இல்லாமல் ஒன்று, பொருள் இல்லாமல் எக்ஸ் கதிரோடு ஒன்று, பொருளோடு ஒன்று. முதல் படத்தை மற்ற இரண்டிலிருந்தும் கழித்து, பொருளுள்ளதைப் பொருளில்லாததால் வகுத்தால், திரையின் மேடுபள்ளமும் கதிரின் சீரின்மையும் பெருமளவு மறைந்துவிடும். இதைச் செய்யாமல் திரை மோசம் என்று முடிவு கட்டக்கூடாது.

பலரும் பால்பாயின்ட் பேனாவுக்குள் இருக்கும் ஸ்பிரிங்கைத்தான் எடுத்துக் காட்டுவார்கள். பிளாஸ்டிக்கும் எஃகும் அவ்வளவு வேறுபட்டவை என்பதால் எந்தத் திரையிலும் அது தெரியும். காய்ந்த நெத்திலி ஒன்றை வைத்துப் பாருங்கள். முதுகெலும்பு எளிதில் வந்துவிடும். விலா முட்கள் வர வேண்டுமென்றால் குழாய் மின்னழுத்தத்தை 30 கிலோவோல்ட் பக்கம் இறக்க வேண்டும், திரை மெல்லியதாக இருக்க வேண்டும், ஒளிநேரம் நீள வேண்டும். அந்த முட்கள் தனித்தனியாகத் தெரியும் படம் கிடைத்தால் திரை உண்மையிலேயே நன்றாக இருக்கிறது.

எண்ணாகச் சொல்ல வேண்டுமென்றால் கோட்டுச் சோடி அட்டையை (மேலும் மேலும் நெருங்கும் கோடுகள் பொறித்தது) வைத்து, மில்லிமீட்டருக்கு எத்தனை சோடி பிரிகிறது என்று எண்ணலாம். சாய்ந்த விளிம்பு முறையில் மாறுபாட்டு வளைவை (கோடுகள் நுண்ணியதாக ஆக ஆக மாறுபாடு எவ்வளவு குறைகிறது என்பதை) வரைந்து, அது 0.2க்கு இறங்கும் இடத்தைச் சொல்வது இன்னும் நம்பகமானது. கேமரா லென்ஸின் சொந்த எல்லையையும் ஒருமுறை தனியாக அளந்து வையுங்கள். திரையின் மேல் பழி போகும் மங்கலில் பாதி லென்ஸின் கவனப் பிழை.

திரை எத்தனை நாள் தாங்கும்?

சிலிகான் ரப்பர் தண்ணீரைத் தள்ளும், ஆனால் நீராவியைத் தடுக்காது. மழைக்காலத்தில் திறந்து வைத்த திரை மெல்லப் பச்சை குறைந்து வருவதைக் காணலாம். பல மாங்கனீஸ் ஹாலைடுகளில் இது மீளக்கூடிய இழப்பு. வெற்றிடத்தில் சூடாக்கினால் பெருமளவு திரும்பும். இருந்தாலும் இரு பக்கமும் பாலியெஸ்டர் தாளால் ஒட்டி, ஓரத்தை எப்பாக்சியால் அடைத்துவிடுவது நல்லது. வாரம் ஒருமுறை அதே நிலையில், அதே கதிரில் ஒளியை அளந்து தேதியோடு குறித்து வாருங்கள். தொடர் கதிர்வீச்சில் ஒளி குறைகிறதா, ஈரத்தால் குறைகிறதா என்று பிரித்தறிய, ஒரே தொகுப்பில் செய்த இன்னொரு திரையை எக்ஸ் கதிர் படாமல் டெசிக்கேட்டரில் வைத்திருக்க வேண்டும்.

இந்தப் பொருள் கைவந்த பிறகு கரிம அயனியை மாற்றிப் பார்க்கலாம். டிபிபியின் ஒரு பென்சீன் வளையத்துக்குப் பதிலாக நீண்ட அல்கைல் சங்கிலி இருந்தால் உருகுநிலை இறங்கும். உருக்கி, வேகமாகக் குளிர்வித்து, கண்ணாடி போன்ற தகடாகவே வார்க்கலாம், துகள் விளிம்பே இருக்காது. வேகமான படம் வேண்டுமென்றால் மாங்கனீஸை விட்டுவிட்டு ஆன்டிமனி குளோரைடு பக்கம் போக வேண்டும். அது செம்மஞ்சளும் சிவப்புமாக ஒளிரும், சில மைக்ரோ விநாடிகளில் அணைந்துவிடும், தயாரிப்பு முறையும் ஏறக்குறைய இதேதான். இரண்டு வழியிலும் மாங்கனீஸ் அல்லது ஆன்டிமனி கலந்த கழிவைத் தொட்டியில் ஊற்றாமல், ஹாலஜன் கரைப்பான் கழிவுக்கான தனிக் கேனில், உள்ளே என்ன இருக்கிறது என்று எழுதி ஒட்டிச் சேர்த்து வையுங்கள்.